மழைக்குப் பிறகு குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) மாவுப் பாயிண்ட் இறங்கினால்...

கேள்வி: இரண்டு ஏக்கரில் ஹெச்-226 ரகக் குச்சிக்கிழங்கு, ஒன்பது மாதப் பயிர். அடியுரமாக டிஏபி, பிறகு இரண்டு முறை யூரியா கொடுத்தேன். வறட்சியில் இலை கொட்டி, மூன்று வாரத்துக்கு முன் பெய்த மழையில் நன்றாகத் துளிர்த்தது. மாதிரிக் கிழங்கில் மாவு அளவோ 22 பாயிண்ட்தான் என்கிறது சேகோ (ஜவ்வரிசி) ஆலை. டானிக் அடித்தால் 15 நாளில் மாவு ஏறும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். அடிக்கலாமா?
- ஆத்தூர் வட்ட விவசாயி

பதில்: அடிக்காதீர்கள். இப்போது பிடுங்கவும் செய்யாதீர்கள்.

துளிர்த்ததால்தான் பாயிண்ட் இறங்கியது. வெயிலைப் பிடித்து இலை செய்த சர்க்கரைதான் கிழங்கில் மாவாகக் கட்டியிருக்கிறது. மொட்டையாக நின்ற செடி மழை கண்டதும் அந்த மாவைக் கரைத்துத்தான் துளிர் விட்டது. இளந்துளிர் வாங்கித் தின்னும். விரிந்து முற்றிய இலைதான் சர்க்கரையைக் கீழே கிழங்குக்கு அனுப்பும். ஆறேழு வாரம் நல்ல வெயில் கிடைக்கட்டும். பதினைந்து நாளுக்கொரு முறை இரண்டு செடி பிடுங்கிப் பாருங்கள். கிழங்கு மடக்கென்று முறிந்து, வெட்டுவாயைத் தேய்த்த விரலில் மாவு வெள்ளையாக ஒட்ட வேண்டும். நீர் கசிந்தால் பொறுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பொட்டாஷ் பற்றி. உங்கள் உரக்கணக்கில் அது இல்லவே இல்லை. இலையில் உண்டான சர்க்கரை கிழங்குக்கு இறங்கப் பொட்டாஷ் வேண்டும். யூரியா மட்டும் கொடுத்தால் தழைதான் கருகருவென்று நிற்கும். அடியிலைகளைப் புரட்டிப் பாருங்கள், ஓரம் மஞ்சளாகிக் கருகியிருந்தால் இந்தக் குறைதான். இறவை மரவள்ளிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 90 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ் தரும் சத்து) 240 கிலோ. ஏக்கருக்கு 50 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்று மேல் பொட்டாஷ் உரம் வரும். பாதியை நடும்போதும் மீதியை 90-ஆம் நாள் யூரியாவுடனும் போடுங்கள். ஒன்பதாம் மாதத்தில் போடுவது வீண். அடுத்த நடவில் விடாதீர்கள். 15 நாளில் மாவு ஏற்றும் பாட்டில் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பது ஏமாற்று. அந்தப் பணத்துக்குப் பொட்டாஷ் வாங்குங்கள்.

இன்னொன்று. விதைக்குச்சி வழியே பரவும் வைரஸ் நோய் தேமல். தேமல் இலையின் மஞ்சள் திட்டில் பச்சையம் குறைவு, அங்கே விழும் வெயில் அவ்வளவாக மாவாகாது. துளிர் நிற்கும்போதே தேமல் இல்லாத செடிகளுக்குச் சுண்ணாம்பு தடவி அடையாளம் வையுங்கள். விதைக்குச்சியை அவற்றில் மட்டும் வெட்டுங்கள்.