கடைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சின்ன விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். சீசனுக்கு மட்டும் இரண்டு பொடியன்கள் வேலைக்கு வருவார்கள். 30,000 ரூபாய்ச் சம்பளச் சட்டம் எனக்கும் உண்டா? ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை அதற்குள்ளேயே கழிக்கலாமா?

பதில்: உண்டு தம்பி. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்சம்பளம் என்றால் 1,200. முன்பு அடிப்படைச் சம்பளம் 17,500ஐயும், 2005, 2016 சட்டங்களால் வந்த நிவாரணப்படி 3,500ஐயும் தனித்தனியாக எழுதுவோம். 2025 திருத்தம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இன்னமும் பழைய சம்பளச் சீட்டைப் போட்டோ கொப்பி எடுத்து, 26,500 அடிப்படை, 3,500 படி என்று நிரப்பி, ஈ.பி.எஃப்.ஐ 26,500க்கு மட்டும் கட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சீட்டில் அந்தப் படி என்ற இடத்தையே வெட்டிவிடுங்கள்.

அடுத்தது கழிவு. பொடியனிடம் கழிக்கக்கூடியது 8 வீதம், அதாவது 2,400. கையில் 27,600 கொடுக்க வேண்டும். உங்கள் பங்கு 12 வீதம், 3,600. ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900. இந்த 4,500 உங்கள் பொக்கற்றிலிருந்துதான் போக வேண்டும். ஆக ஓர் ஆளுக்குச் செலவு 34,500. அறை வாடகையைத் தீர்மானிக்கும்போதே இந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாதக் காசை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும்.

சீசன் ஆள், தற்காலிக ஆள், ‘ஆறு மாதம் போகட்டும் பார்ப்போம்’ என்ற கதையெல்லாம் செல்லாது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து, ஒரே ஓர் ஆள் என்றாலும் கட்டத்தான் வேண்டும்.

கேள்வி: பிரதான வீதியில் ஹாட்வெயார் கடை. வற் (பெறுமதி சேர் வரி) எல்லை குறைகிறதாமே, என்னைப் பிடிக்குமா?

பதில்: வற்றுக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லை 2025இல் ஆண்டுக்கு 6 கோடியாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை ஏப்ரலிலிருந்து 3 கோடி 60 இலட்சமாக்க முன்மொழிந்தது. மாதத்துக்கு 30 இலட்சம், நாளுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம். இது இலாபம் அல்ல, விற்பனை. சீமெந்தும் கம்பியும் விற்கிற உங்களுக்கு அது பெரிய தொகை இல்லை. கடைசி நான்கு காலாண்டு பில்களையும் கூட்டிக்கொண்டு கணக்காளரிடம் போங்கள். வற்றுக்குப் பதிந்தால் 18 வீதம் வாங்கிக் கட்ட வேண்டும், ஆனால் நீங்கள் கொள்முதலில் கொடுத்த வற்றைக் கழிக்கலாம். அதற்கு முறையான வரிப் பட்டியல் (வற் காட்டும் பில்) வேண்டும். துண்டுக் கடதாசியில் சரக்கு வாங்கும் பழக்கத்தை இப்போதே விடுங்கள்.

கேள்வி: சொப்பிங் பைக்குக் காசு கேட்டால் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். சும்மா கொடுக்கலாமா? (கிண்ணியா வாசகி)

பதில்: முடியாது தங்கச்சி. பிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுப்பதை நுகர்வோர் அதிகார சபை 2025 நவம்பர் 1 முதல் தடைசெய்துள்ளது. பையின் விலையைக் கடையில் தெரியும்படி போடுங்கள், பில்லிலும் தனியாக எழுதுங்கள். சண்டைக்கு வருகிறவருக்கு அந்தப் பில்லைக் காட்டலாம்.