குழந்தையோடு முதல் மொரிசியஸ் பயணம்: பெட்டியில் எது, வீட்டில் எது?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த ஊர் மதுரை, நான்கு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் குடியிருக்கிறார். இருபது மாத மகளை முதல்முறையாகக் கடலுக்குக் கூட்டிவருகிறார், ஜூலை பள்ளி விடுமுறையில் ஆறு நாள், மொரிசியஸின் மேற்குக் கரையில் ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில் தங்கல். அவரும் குழந்தையும் முதலில் வர, கணவர் இரண்டு நாள் கழித்து வந்து சேருவாராம். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊதுகிற வாத்து மிதவை, கடற்கரைக் கூடாரம், பன்னிரண்டு கவுன் எல்லாம் எடுத்துவைத்தாயிற்று, பெட்டி இப்போதே 23 கிலோவைத் தாண்டிவிட்டது, எதை எடுப்பது எதை விடுவது என்று கேட்கிறார்.

நான் மொரிசியஸில் காத்ர் போர்ன் என்ற ஊரில் பதினான்கு வருடமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் என்னிடம் எதற்காக வருகிறார்கள் என்று பார்த்தால் வெயில், பாதம், ஈரக் காற்று என்ற மூன்றில் பெரும்பாலும் அடங்கிவிடும். சாப்பாடு கிடைக்காமல் எந்தப் பிள்ளையும் வந்ததில்லை. ஆனால் நம் பெட்டிகளில் பாதி இடத்தைப் பிடிப்பது சாப்பாட்டுச் சாமான்தான்.

அதனால் குக்கரையும் பருப்புப் பொடியையும் முதலில் வெளியே எடுங்கள். இங்கே எந்தக் கடையிலும் அரிசியும் பருப்பும் கிடைக்கும், சந்தையில் முருங்கைக் கீரை கட்டுக்கட்டாக இருக்கும். இங்கே பேசும் கிரியோல் மொழியில் அதற்கு ப்ரேட் முரும் என்று பெயர், அதைப் போட்டுக் கொதிக்கவைக்கும் தண்ணிச் சாறு இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் உண்டு. காரமில்லாத கீரைச் சாறும் வெறும் சோறும் வேண்டுமென்று விடுதியில் கேட்டால் புரிந்துகொள்வார்கள். முதல் நாளுக்கும் விமானத்துக்கும் மட்டும் குழந்தைக்குப் பழகிய பிஸ்கட், பால் பவுடர் போதும். வீட்டு வாழைப்பழம், ஆப்பிள் எதுவும் கொண்டுவராதீர்கள், அனுமதிச் சீட்டு இல்லாத பழத்தையும் செடியையும் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

இப்போது வெயில். ஜூலை இங்கே குளிர்காலம், கரையோரத்தில் பகல் வெப்பம் 24, 25 டிகிரிதான், காற்று வேறு வீசும். ஏமாறுவது அங்கேதான். காற்று தோலைக் குளிர வைப்பதால் சுடுவது தெரியாது, ஆனால் 20 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கும் தீவில் குளிர்காலத்து நடுப்பகல் வெயிலும் குழந்தைத் தோலைக் கன்றவைக்கப் போதும். போன ஜூலையில் ஒரு மூன்று வயதுப் பையனைத் தூக்கிவந்தார்கள். முகம், கை எல்லாம் சன்ஸ்கிரீன் நன்றாகப் பூசியிருந்தார்கள், பாதத்தின் மேல்பக்கத்தை மறந்துவிட்டார்கள். செருப்புப் பட்டை இருந்த இடத்தில் மட்டும் பழைய நிறம், அதன் இரு பக்கமும் கன்றிச் சிவந்து, விரல் பட்டாலே காலை இழுத்துக்கொண்டான். நம்முடைய மாநிறப் பிள்ளைதான். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று பாட்டி சொல்லியிருப்பார், அது உண்மையில்லை, நம் தோலில் சிவப்பு உடனே தெரியாததால் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் வெயிலைத் தடுக்காது, அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு கவுனுக்குப் பதிலாக முழுக்கையும் முழங்கால்வரையும் மூடுகிற நீச்சல் உடை இரண்டு வாங்குங்கள், துணி வெயிலைத் தடுக்கும் அளவாக யூபிஎஃப் 50 என்று எழுதியிருக்கும். ஏன் இரண்டு என்றால் ஒன்று காயவேண்டுமே. நிறம் முக்கியம்: நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் தண்ணீருக்குள் கரைந்துபோகும், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு எடுங்கள், ஒரு நொடி பார்வை தவறினாலும் பிள்ளை எங்கே என்று தெரியும். உடை மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 50, ஜிங்க் ஆக்ஸைடு உள்ள வகை குழந்தைக்கு எரிச்சல் தராது. வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்பு ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து தூக்கித் துடைத்த உடனே ஒரு தடவை. காதுமடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம், இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பூசுங்கள். ஆறு நாளில் 100 மில்லி குழாய் காலியாகவில்லை என்றால் குறைவாகப் பூசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். என்னதான் பூசினாலும் காலை பத்திலிருந்து மாலை மூன்றுவரை அறைக்குள் தூங்கவைப்பதற்கு ஈடாகாது.

கூடாரம் வேண்டாம். இங்கே பொதுக் கடற்கரைகளில் வரிசையாகச் சவுக்கு மரம் நிற்கும், உள்ளூரில் ஃபிலாவோ என்பார்கள், மொரிசியஸ் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை பானையோடு வந்து உட்காருவது அதன் நிழலில்தான். பழைய பருத்திச் சேலை ஒன்று எடுத்துவாருங்கள். விரித்து உட்காரலாம், உதறினால் மணல் போய்விடும், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்தலாம். ஆனால் தள்ளுவண்டியின் மேல் அதை மூடிவைக்காதீர்கள், உள்ளே சூடு கிடுகிடுவென்று ஏறிவிடும், மூச்சுக்காற்றும் தங்கிவிடும். சவுக்கு நிழலில் ஒரே சங்கடம், உதிர்ந்து கிடக்கும் குட்டிக் காய்கள் வெறுங்காலில் முள்ளாகக் குத்தும். அதற்கும் சேர்த்துத்தான் அடுத்த சாமான்.

அது கடல் செருப்பு. உங்கள் பட்டியலில் இல்லாத, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அவசியமான பொருள் இதுதான். தீவைச் சுற்றி பவளப்பாறை வேலி போட்டதுபோல இருப்பதால் உள்ளே கடல் குளம்போல அமைதியாக இருக்கும், குழந்தைக்கு அருமையான தண்ணீர். அதே தண்ணீருக்குள்தான் உடைந்த பவளத்துண்டும், ஊர்சேன் எனப்படும் கடல் முள்ளெலியும், அபூர்வமாகக் கல்மீனும் இருக்கும். கல்மீன், இங்கே லாஃப் என்பார்கள், பாசி படிந்த கல்லைப்போல அசையாமல் கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். தடித்த ரப்பர் அடிப்பாகமும் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கமும் உள்ள செருப்பாகப் பாருங்கள், லொடலொடவென்று இருக்கும் ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே கழன்றுவிடும். வாங்கியதும் பெட்டியில் வைக்காதீர்கள்! இன்றிலிருந்தே தினமும் குளிக்கும்போது போட்டுவிடுங்கள், கழுத்தில் கட்டும் தொப்பியையும் அப்படியே. வீட்டில் பழகாத பிள்ளை கடற்கரையில் இரண்டையும் பிடுங்கி எறியும், அங்கே நின்று மல்லுக்கட்ட உங்களால் முடியாது. உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தானே.

எதையாவது மிதித்துவிட்டால், கல்மீனோ என்று சந்தேகம் வந்தால், காலைக் கை பொறுக்கும் வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், முக்கிவையுங்கள். சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்கு. அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி குறையும். தாமதிக்காமல் 114-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அது இங்கே ஆம்புலன்ஸ் எண். முள்ளை நீங்களே தோண்டாதீர்கள்.

வாத்து மிதவையைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குளிர்காலம் முழுக்க இங்கே தென்கிழக்குக் காற்று. கிழக்குக் கரையில் அது கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும், நீங்கள் தங்கப்போகும் மேற்கில் கரையிலிருந்து கடலை நோக்கி. அதனால்தான் ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, அதே காரணத்தால் காற்றடைத்த பொருள் எதுவும் சத்தமில்லாமல் பவளப்பாறை பக்கம் நகர்ந்துகொண்டே போகும். பெரியவர் ஓடிப் பிடிப்பதற்குள் இடுப்பளவு, பிறகு கழுத்தளவு. கையில் மாட்டும் காற்றுப்பையும் பாதுகாப்புச் சாதனம் இல்லை. இருபது மாதப் பிள்ளைக்கு ஒரே மிதவை உங்கள் கை எட்டும் தூரம். கணவர் வரும்வரை தனியாக இருப்பீர்கள் என்பதால், அந்த இரண்டு நாளும் முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். சுற்றிப்பார்க்கத் தெற்கே கிரி கிரி கடற்கரைக்குப் போனால் அங்கே பாறை வேலி கிடையாது, பார்க்க மட்டும்தான், இறங்கக் கூடாது.

ஈரக் காற்று என்று சொன்னேனே. ஜூலையில் கடல் 23 டிகிரி. பெரியவர்களுக்கு அது சுகம், சின்ன உடம்பு கால் மணி நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், தண்ணீரைவிட வெளியே தூக்கியதும் அடிக்கும் காற்றில்தான் அதிகம். உதடு நிறம் மாறினால் அன்றைக்குக் குளியல் முடிந்தது. தலையோடு போர்த்தும் துண்டு ஒன்று, முழுக்கை பனியன் இரண்டு, சாயங்காலத்துக்கு மெல்லிய கம்பளி ஒன்று. நீச்சல் டயப்பர் தனியாக வேண்டும், சாதாரண டயப்பர் தண்ணீரைக் குடித்து உப்பி முழங்காலுக்கு இறங்கிவிடும். அப்புறம், கொலுசையும் அரைஞாணையும் கழற்றிவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள் என்றால் அரைஞாணை மட்டுமாவது ஆறு நாளைக்கு, ஏனென்றால் ஈரக் கயிற்றுக்கும் டயப்பருக்கும் நடுவில் மணல் சிக்கி இடுப்பைச் சுற்றிப் புண்ணாக்குவதை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறேன். ஒட்டிய மணலை இழுத்துத் துடைக்காமல் கொஞ்சம் மைசீனா சோள மாவைத் தூவித் தடவுங்கள், பொலபொலவென்று உதிரும்.

மருந்து கொஞ்சம் போதும். காய்ச்சலுக்கு உங்கள் ஊர் பனாடோ (பாராசிட்டமால்) சிரப் ஒரு பாட்டில், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு, டயப்பர் களிம்பு, வெப்பமானி, கொசு மருந்து. இங்கே பார்மசியில் பிரெஞ்சு பெயரில் தோலிப்ரான் தருவார்கள், அதே பாராசிட்டமால்தான், அளவுக் குழாயில் மில்லிக்குப் பதில் குழந்தையின் கிலோ எடை குறித்திருக்கும், அதனால் கிளம்பும் முன் எடை பார்த்து எழுதிவையுங்கள். டெங்குவும் சிக்குன்குன்யாவும் இந்தத் தீவுகளில் வந்துபோகிற நோய்கள், எனவே காய்ச்சல் வந்தால் மருத்துவர் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும், ஐபுபுரோஃபென் கூடாது. மலேரியா மாத்திரை இங்கே தேவையில்லை. சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் கொசு மருந்து, குழந்தையின் உள்ளங்கையிலும் விரலிலும் பூசாதீர்கள், வாய்க்குப் போகும். இருமல் மருந்து இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், பெரியவர்களுக்கானது கூட கோடீன் கலந்ததாக இருந்தால் சுங்கத்தில் பெரிய பிரச்சனை, மொரிசியஸில் போதைமருந்துச் சட்டம் கடுமை. நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் மருத்துவர் சீட்டோடு, அதன் உறையிலேயே.

காகிதங்களைக் கைப்பையில் வையுங்கள். நீங்கள் மட்டும் குழந்தையோடு கிளம்புவதால் அம்மா அப்பா இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும், கணவர் சம்மதித்து உறுதிமொழியாகக் கையெழுத்திட்ட கடிதமும், அவருடைய பாஸ்போர்ட் நகலும் கூடவே இருக்கட்டும். கேட்காமலும் விடுவார்கள், ஆனால் கேட்டு இல்லையென்றால் விடியற்காலையில் கவுண்டரில் பிள்ளையோடு நிற்பது நீங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் மொரிசியஸில் இறங்கியதும் விசா இலவசம், திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சீட்டும் காட்டவேண்டும். தென்னாப்பிரிக்காவின் தடித்த மூன்று உருண்டை முள் பிளக் இங்கே நுழையாது, இங்கிலாந்து மாதிரிச் சதுர முள் அடாப்டர் ஒன்று. காரில் கட்டும் குழந்தை இருக்கையையும் கொண்டுவாருங்கள், டாக்ஸியில் பொதுவாக இருக்காது, விமான நிலையம் தென்கிழக்கு மூலையில், நீங்கள் போவது மேற்கே, மடியில் வைத்துப் போகிற தூரமில்லை.

மணல் வாளி, கரண்டி எல்லாம் இங்கே வந்து வாங்கலாம். திரும்பும் நாளுக்கு மட்டும் ஒரு விஷயம்: ஜூலை இரவில் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கும்போது குளிர் எலும்பைத் தொடும், பிள்ளையோ ஆறு நாளும் அரைக்கால் சட்டையில் இருந்து பழகியிருக்கும். தடித்த ஸ்வெட்டர், காலுறை, குல்லா மூன்றையும் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கையிலேயே வைத்திருங்கள்.