தலையில் மாட்டும் டார்ச்சில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழுகிறதா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். காலையில் மாட்டுத்தாவணி சந்தைக்குப் பூ போயாக வேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்து, தலையில் டார்ச்சை மாட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கிறோம். புதிதாக வாங்கிய சின்ன எல்.இ.டி. டார்ச்சில் நடுவே கண் கூசுகிற வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் மஞ்சள் வளையம், அதைத் தாண்டினால் மங்கல். பொட்டு விழுகிற இடத்தில் மொட்டும் இலையும் ஒரே பளபளப்பு, பக்கத்துக் கிளையோ இருட்டு. வேறு டார்ச் வாங்குவதா, இதையே சரிசெய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: வேறு வாங்க வேண்டாம், டார்ச்சில் கோளாறு எதுவும் இல்லை. அது தூரத்துக்கு அடிப்பதற்காகச் செய்தது, நீங்கள் ஒரு முழத்தில் வைத்து வேலை பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற பளபளப்பான கிண்ணம் பக்கவாட்டில் போகிற வெளிச்சத்தையெல்லாம் திரட்டி நடுவில் கொட்டுகிறது, பொட்டு அப்படித்தான் வருகிறது. மஞ்சள் வளையத்துக்குக் காரணம் வேறு. வெள்ளை எல்.இ.டி. என்பது அடிப்படையில் நீல எல்.இ.டி.தான் (அந்த நீலத்தைக் கொண்டுவந்ததற்காகத்தான் 2014-இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது). அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிர்கிற பொடி) பூசியிருக்கும், நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியும். சாய்வாக வெளியேறுகிற ஒளி அந்தப் பூச்சுக்குள் கூடுதல் தூரம் போக வேண்டியிருப்பதால் மஞ்சள் தூக்கலாகிவிடுகிறது.

சரி, வைத்தியம். ஸ்டேஷனரி கடையில் மேஜிக் டேப் என்று கேளுங்கள், பளபளக்காமல் லேசாகப் பால் படிந்ததுபோல் இருக்கும், அதில் ஒரு துண்டை டார்ச்சின் முன்கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். சாதாரண செலோ டேப்பால் பயன் இல்லை, ஒளி அப்படியே தாண்டிப் போய்விடும். ஒரு அடுக்கிலேயே வளையங்கள் கலைந்துவிடும், போதவில்லை என்றால் இன்னொன்று. பட்டர் பேப்பரும் வேலை செய்யும், ஆனால் பனியில் நனைந்து சுருங்கும். பால் கவரை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, வெளிச்சத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

முன்மூடி திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்தால் டேப்பைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டலாம், ஈரம் படாது. அப்போது கிண்ணத்தில் மட்டும் விரல் பட வேண்டாம், அந்த அலுமினியப் பூச்சு தொட்டாலே மங்கிப்போகும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது கழற்றி மாட்டுகிற ஏற்பாடுதான். வெளிச்சத்தைப் பரப்பினால் தூரம் குறையும், வரப்பில் நடக்கும்போது காலுக்கு முன்னால் பூச்சி பொட்டு கிடந்தால் தெரிய வேண்டுமே! டார்ச் வாயில் இறுக்கமாக உட்காருகிற மங்கலான வெள்ளை பிளாஸ்டிக் மூடி எதுவானாலும் சரி. செடிக்கிட்டே போனதும் மாட்டிக்கொள்ளுங்கள், நடக்கும்போது எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய வாட் டார்ச்சுகளில் முன்பக்கம் சூடேறும், பசை இளகும், அதில் இந்த வேலை வேண்டாம்.

பெயிண்ட் கடை உப்புத்தாளை நனைத்துக் கண்ணாடியைத் தேய்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். பிளாஸ்டிக் என்றால் 600-ஆம் நம்பர் தாளில் வட்டமாகத் தேய்த்தால் அழகாக மங்கும், பொய்யில்லை. அப்புறம் பழையபடி ஆகாது, அதனால் டேப்பில் திருப்தி வந்த பிறகு யோசியுங்கள்.

இன்னொன்று, டேப் வளையத்தைக் கலைக்குமே தவிர வெளிச்சத்தின் நீல வாடையைப் போக்காது. அடுத்த முறை வாங்கும்போது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு) போட்ட, நீலம் கலந்த கூல் டே லைட்டை விட்டுவிட்டு, லேசாக மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜூம் டார்ச்சின் (முன்தலை நகர்கிற டார்ச்) தலையை முன்னால் இழுத்தால் சுவரில் மஞ்சள் சதுரம் விழுகிறது, ஏன்?
– மேலூர் வாசகர்

பதில்: எல்.இ.டி.யே சதுரம், லென்ஸ் அதைப் படமாக எடுத்துக் காட்டுகிறது. டேப் எல்லாம் தேவையில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், வட்டமாகிவிடும்.