கஞ்சித் தண்ணீருக்கே புரையேறுகிறதே, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மூன்று வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் செயலிழந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. மூக்கு வழியாக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு நாளுக்கு முன் ராத்திரி அவரே அதைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து வாயால்தான் கொடுக்கிறோம். 'தண்ணியாக் குடுத்தா வழுக்கிட்டு எறங்கும்' என்கிறார் மாமி. ஆனால் ஏத்தம்பழத்தைப் பிசைந்து கொடுத்தால் இறங்குகிறது. கஞ்சிக்கும் தண்ணீருக்கும்தான் புரையேறுகிறது. மறுபடி டியூப் தேவையா?
- வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் கவனித்ததுதான் சரி. விழுங்கும்போது தொண்டைச் சங்கு மேலேறி, குரல்வளை மூடி கவிழ்ந்து, மூச்சுக்குழாயை அடைக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு இந்த அசைவு தாமதப்படும். பழக்கூழ் நாக்கில் நின்று மெதுவாக வரும். தண்ணீர் நிற்காது; மூடி கவிழும் முன்பே உள்ளே ஓடிவிடும். பருக்கை மிதக்கும் கஞ்சி அதைவிட மோசம். வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்க, தண்ணீர் மட்டும் பிரிந்து தொண்டைக்குப் போய்விடும். நம் பக்கத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றாலே கஞ்சிதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாய்வழியாக எதையும் கொடுக்காமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, முன்பு பார்த்த இடத்துக்கோ போகலாம். டியூபை வீட்டில் நீங்களே நுழைக்க முயல வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். 'விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்' என்று கேளுங்கள். முதலில் தேக்கரண்டியால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் கொழகொழவென்று மாறுகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூக்கு வழியாகச் சிறு கேமரா விட்டோ வீடியோ எக்ஸ்ரே எடுத்தோ பார்ப்பார்கள். பழம் இறங்குகிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும்.

டியூப் போட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருளில்லை. பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்பிவிடும். 4 வாரத்துக்கு மேலும் தேவைப்படும் என்றால், வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பது பற்றிப் பேசலாம். மூக்குக் குழாயை மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட நோயாளிக்கு அது வசதி. அப்பாவுக்கு இடது கை நன்றாக வேலை செய்கிறது. அதுதான் குழாயைப் பிடுங்கியிருக்கும். குழாயைக் கன்னத்தில் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டை முதுகுப்பக்கம் குத்தி வையுங்கள். மூக்கருகில் குழாயில் மார்க்கர் கோடு போட்டு, ஒவ்வொரு வேளையும் அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக்கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., 15-20 நிமிடத்தில் மெதுவாக இறங்கட்டும். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள்.

வாயால் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு, முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்கார வையுங்கள். கொடுப்பவர் நின்றுகொண்டு கொடுத்தால் அப்பா அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். எதிரே ஸ்டூல் போட்டு, அவர் கண்மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள். தாடையைக் குனிப்பதும், தளர்ந்த வலப்பக்கமாகத் தலையைத் திருப்புவதும் சிலருக்கு உதவும். ஆனால் பரிசோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். அரைத் தேக்கரண்டி எடுத்து, சங்கு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் வலது கடவாயில் உணவு அதங்கியிருக்கிறதா என்று விரலில் துணி சுற்றித் துழாவி எடுங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு, அவருக்கே தெரியாது. சாப்பிட்டு 30 நிமிடமாவது படுக்க வைக்காதீர்கள்.

திரவத்தைக் கெட்டியாக்கச் சொன்னால், கடையில் கிடைக்கும் கெட்டிப்படுத்தும் பொடி வாங்கலாம். நம்மூர் கூவை மாவை (ஆரோரூட்) காய்ச்சியும் சேர்க்கலாம். கூவை மாவில் ஒரு சிக்கல் உண்டு: வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டால் எச்சில் பட்டு முழுவதும் நீர்த்துவிடும். சிறிதளவு வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். எவ்வளவு கெட்டி என்று பார்க்க, 0 முதல் 10 வரையிலான கோடு சுமார் 6 செ.மீ. நீளமுள்ள 10 மி.லி. சிரிஞ்சில் ஊசியையும் உள்தண்டையும் கழற்றி, நுனியை விரலால் மூடி 10 வரை நிரப்பி, விரலை எடுங்கள். 10 விநாடியில் 4 முதல் 8 மி.லி. மிச்சமிருந்தால் இலேசான கெட்டி; 8-க்கு மேல் இருந்தால் நடுத்தரக் கெட்டி. எது வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டித் தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. அதனால் உடம்பில் நீர் குறையலாம்; சிறுநீர் குறைந்து நிறம் மாறினால் கவனியுங்கள்.

புட்டு, அவல், மிக்சர் உதிரும். நுங்கும் இளநீர் வழுக்கையும் நழுவும். ஐஸ்கிரீம் வாயில் தண்ணீராகிவிடும். எல்லாவற்றையும் தவிருங்கள். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) நரம்பெடுத்துக் குழைய வேகவைத்து, முள் நீக்கிய மீனும் கெட்டிக் குழம்பும் சேர்த்துக் கட்டியில்லாமல் மசித்துக் கொடுக்கலாம், உலர்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று உச்சியில் தட்டி ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இரண்டும் வேண்டாம். முன்னால் சாய்த்து இருமவிடுங்கள். இருமவே முடியாமல், குரலும் வராமல் முகம் நீலமானால், தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை ஓங்கித் தட்டி, பிறகு தொப்புளுக்கு மேலே 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். அடைப்பு விலகும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

டியூப் இருந்தாலும் தினம் இரண்டு முறை பல்லும் நாக்கும் துலக்க வேண்டும். எச்சிலோடு உள்ளே இறங்கும் கிருமிதான் நிமோனியாவுக்குப் பாதி காரணம் என்றே சொல்வேன். மாத்திரைகளை எல்லாம் பொடிக்காதீர்கள், மருந்தை மெதுவாக வெளிவிடும் 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.எல்.' என்றிருப்பவையும், வயிற்றில் கரையாதபடி மேலுறை பூசிய ஆஸ்பிரினும் பொடித்தால் கெடுதல். மாற்று வடிவம் கேளுங்கள். சர்க்கரை மருந்து இருந்தால், உணவு குறையும் நாட்களில் எவ்வளவு போடுவது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, வழக்கத்தைவிட மந்தமாகத் தூங்கினாலோ, மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.