கவலை இதயத்தைத் தாக்குமா? என் அம்மாவுக்கு நடந்தது

"கவலை கூடினால் அம்மாவுக்கு நெஞ்சு இறுக்குகிறது. மன அழுத்தம் உண்மையாகவே இதயத்தைப் பாதிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கும். வீட்டில் யாரோ "அது வெறும் பிரமை" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 1990இல் போரால் இடம்பெயர்ந்தோம். காணியை இராணுவம் 2018இல்தான் விட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடம் முழுக்கப் பற்றை. கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம். சீமெந்து காய முன்னம் அப்பா ஆணியால் கீறிய ஆண்டு அதில் அப்படியே இருந்தது. அம்மா அதை விரலால் தடவினார். அழவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் "நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். வேர்த்துக் கொட்டியது. "யோசிச்சு யோசிச்சு வாயு ஏறியிருக்கு, இஞ்சி பிளேன்ரீ குடு" என்றார்கள். நானும் கொடுத்தேன். அப்படிப் போன இரண்டு மணித்தியாலத்தை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறும்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி மாரடைப்பு மாதிரியே காட்டியது. இதயத்தின் இரத்தக்குழாய்களைப் பார்க்கும் அஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. 'தக்கோட்சுபோ' என்றார் டொக்டர். ஜப்பானில் பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) பிடிக்கும் பானையின் பெயராம். அதிர்ச்சியில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் அளவுக்கு மீறிச் சுரக்க, இதயத்தின் இடது கீழறை சோர்ந்து, கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்த அந்தப் பானை போல ஆகிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். அம்மாவுக்கும் சரியானது.

நான் டொக்டர் இல்லை. கவலைப்படுகிற எல்லாருக்கும் இது வரும் என்றும் சொல்லவில்லை. நாட்பட்ட மன அழுத்தம் பிறஷரை ஏற்றி, நித்திரையைக் கெடுத்து இதயத்தைப் பழுதாக்குவது வேறு வழி. ஆனால் அடைப்பா இதுவா என்று வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை இறுக்கினால் தேத்தண்ணி போடாதீர்கள், இலங்கையின் அவசர இலக்கமான 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.