மறு: முடக்குவாத ஊசிக்கு முன் டிபி பரிசோதனை எதற்கு?

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் மருந்து எடுத்தும் அம்மாவின் விரல் வீக்கம் வடியவில்லை, டாக்டர் அடாலிமுமாப் ஊசி சொல்கிறார், ஆனால் இருமலே இல்லாதவருக்கு டிபி பரிசோதனை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வில் நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்து டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களையும் கிளப்பிவிடுகிறது. சவ்வு தடிப்பது, எலும்பு அரிபடுவது எல்லாம் இவற்றின் வேலைதான். அம்மாவின் ரிப்போர்ட்டில் சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறியிருந்தால், இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டியதே முக்கியக் காரணம். 1992-இல் லண்டனில் ஃபெல்ட்மன், மைனி குழுவினர் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்தை முதன்முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் நன்றாகவே குறைந்தன. அம்மாவுக்குச் சொன்ன அடாலிமுமாப்பும் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் மருந்துதான்.

சரி, டிபி எங்கே வருகிறது? நுரையீரலில் சத்தமில்லாமல் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் ஒரு செல் அரண் கட்டுகிறது. அது கலையாமல் இருக்க இதே டிஎன்எஃப் வேண்டும். ஊசி அதை அடக்கினால் கிருமி வெளியே வரலாம். நம் நாட்டில் அறிகுறியே இல்லாமல் இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் ஏராளம்.

மேன்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது ஒரு ரத்தப் பரிசோதனை, கூடவே மார்பு எக்ஸ்ரே, அவ்வளவுதான். பாசிட்டிவ் என்று வந்தாலும் பயப்படாதீர்கள். நோய் வெளிப்படாத நிலையென்றால் முதலில் தடுப்பு மாத்திரை தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமாவது போனபின் ஊசி போடுவார்கள். அப்புறம் விடாத காய்ச்சலோ எடைக் குறைவோ தெரிந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.