வால்வைப் போட்டீர்களா? குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

வசதி குறைந்த மருத்துவமனைகளில் நர்ஸ்களுக்கும் இளம் டாக்டர்களுக்கும் குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி தருவது என் வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: மேடம், இரண்டு நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கினேன். நாலு மாதம் கழித்து மூச்சு விடாமல் ஒரு குழந்தை பிறந்தபோது கை ஓடவில்லை. ஏன்?

பதில்: கைப்பழக்கம் சில மாதங்களிலேயே தேய்ந்துபோகும். அது உங்கள் குறை இல்லை, பயிற்சியை வருடத்துக்கு ஒரு திருவிழாவாக நடத்துகிறவர்களின் குறை. பயிற்சிப் பொம்மையை அலமாரியில் பூட்டாமல் பிரசவ அறையிலேயே வையுங்கள். ஷிப்ட் மாறும்போது ஒருவர் ஐந்து நிமிடம் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் மாஸ்க் வைத்த பை) பிடிக்கட்டும், இன்னொருவர் கடிகாரம் பார்க்கட்டும். துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சரியாக வைத்து, அப்படியும் மூச்சு வராவிட்டால் பையால் மூச்சு கொடுக்கத் தொடங்க மொத்தம் ஒரு நிமிடம்தான் இருக்கிறது. 2010இல் தொடங்கிய 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சியில் இதைப் பொன் நிமிடம் என்கிறார்கள். பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இப்படி ஏதாவது உதவி தேவைப்படும். மருந்து வரை போவது மிகச் சிலதான்.

இன்னொன்று, ஒவ்வொரு ஷிப்டிலும் பையைச் சோதியுங்கள். மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பையை அமுக்கினால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும். நான் போன ஒரு மருத்துவமனையில், கழுவித் திரும்பப் பூட்டியவர்கள் உள்ளே இருக்கும் வால்வைப் போடவே மறந்திருந்தார்கள். பை ஜோராக அமுங்கியது, மார்பு மட்டும் எழும்பவில்லை. நல்லவேளை, படுத்திருந்தது பொம்மை.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தால்?

பதில்: பை தானாகவே உப்பிக்கொள்ளும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் வெறும் காற்றே போதும். சிலிண்டர் தேடி ஓடாதீர்கள்.

கேள்வி: நெஞ்சு அழுத்தமும் மூச்சும் என்ன கணக்கு?

பதில்: பிறந்த குழந்தைக்கு 3க்கு 1, அதாவது மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. வளர்ந்த குழந்தைக்கு இரண்டு பேர் இருந்தால் 15க்கு 2. தனியாள் என்றால் அமெரிக்க முறையில் 30க்கு 2.

கேள்வி: டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வாங்கித்தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார்.

பதில்: குழந்தையின் இதயம் பெரும்பாலும் மூச்சுத் திணறியோ, உடம்பில் ரத்த ஓட்டம் மிகவும் குறைந்துபோகும் ஷாக் நிலையிலோதான் நிற்கிறது. முதலில் எல்லா அளவு மாஸ்க்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஷாக் என்றால் கிலோவுக்கு 20 மில்லி டிரிப்ஸ் வேகமாக ஏற்ற வேண்டும் என்றுதான் படித்தோம். நீங்கள் வேறு மாதிரி கற்பிக்கிறீர்களாமே?

பதில்: ஆமாம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேகமாகத் திரவம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டியில், கைகால் சில்லிப்பு, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல், பலவீனமான வேக நாடி ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஷாக். அதற்கும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, 30 முதல் 60 நிமிடத்தில்.

ஒரு டாக்டர்: அங்கே பாதிக்கு மேல் மலேரியா. எங்கள் குழந்தைகளுக்கு அது பொருந்தாது.

பதில்: நானும் முதலில் இப்படித்தான் வாதாடினேன், சார். மலேரியா இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தாலும் தீங்கு ஒரே பக்கம்தான் சாய்ந்தது.

அதே டாக்டர்: அப்படியானால் வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்கும் சொட்டுச் சொட்டாகவா?

பதில்: அவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. கடும் நீரிழப்புக்கு வேகமாகத்தான் ஏற்ற வேண்டும். கடும் ஊட்டக்குறைவு இருந்தால் கணக்கே வேறு. பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான். எல்லோருக்கும் 20 என்று மனப்பாடம் செய்ய வைப்பது பயிற்றுநருக்குச் சௌகரியம், அவ்வளவுதான். வென்டிலேட்டரும் இல்லை, திரவம் அதிகமாகி நெஞ்சில் நீர் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: மேடம், 15க்கு 2ஆ, 30க்கு 2ஆ?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: என் பையனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வேகமாக மூச்சு வாங்குகிறான்.

பதில்: இங்கே கேட்காதீர்கள். இப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: தனியாள் என்றால் எத்தனைக்கு எத்தனை?

பதில்: மூன்றாவது முறை! மார்பு எழும்பாவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது. முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஆம்பு பேக்கைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: மறுபயன்பாட்டு வகை என்றால் கழற்றிக் கழுவி, கிருமி நீக்கி, காயவைத்துப் பயன்படுத்தலாம். பூட்டும்போது வால்வு.